கோழி முட்டையிட்ட மோட்டார் சைக்கிளும் மற்றவையும்

கோயமுத்தூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திருநெல்வேலி ஒரு வெளிநாடு. பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். மற்றபடி பேச்சு வேறு, சாம்பார் வேறு, மரியாதை வேறு. என் கணவர் பழனிசாமி அதற்குத் தகுந்த மாதிரிதான் கிளம்பினார். இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்களில் சிறுவாணித் தண்ணீரை நிரப்பி, மூடிக்கு மேல் துணி கட்டி, குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டார்.

"ஆத்தோரத்து ஊருக்குப் போறோமுங்க. தண்ணிய எதுக்குத் தூக்கறீங்க?" என்றேன்.

"நம்ம தண்ணி மாதிரி வருமா கண்ணு?" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறவர். ஒரு முடிவை எழுதிவிட்டால் அடித்துத் திருத்த மாட்டார்.

அவருக்குப் பயணத்தின் காரணம் ஒரு கல்யாணம். கூட வேலை பார்க்கிறவரின் தங்கைக்குத் திருநெல்வேலி டவுனில் தை மாதம் முகூர்த்தம். எனக்குக் காரணம் ஒரு மோட்டார் சைக்கிள்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். நான் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் இயந்திர வரைபடம் சொல்லித்தருகிறவள். பதினொரு வருடமாகக் கரும்பலகையில் கார்புரேட்டரின் குறுக்குவெட்டை வரைகிறேன். கண்ணை மூடிக்கொண்டுகூட வரைவேன். போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "மேடம், கழட்டிப் பார்த்தா உள்ளே இப்படியேதான் இருக்குமா?" என்று கேட்டாள். "இப்படியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நான் ஒரு கார்புரேட்டரையும் கழற்றியதில்லை. அந்தப் பொய் எனக்குள் கல்லாகக் கிடந்தது.

பதினாறு வயதில் பொள்ளாச்சிப் பக்கம் அண்ணனின் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை எங்கள் தென்னந்தோப்புக்குள் ஓட்டியிருக்கிறேன். தோப்பைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் ஓட்டத் தெரியும். இனி ஒரு பழைய வண்டியை வாங்கி, கடைசித் திருகாணி வரை பிரித்து, என் கையாலேயே மறுபடி பூட்டுவது என்று முடிவு செய்தேன். கோயமுத்தூரில் பழைய வண்டி விலை கட்டுப்படியாகாது. அங்கே எல்லோரும் தங்களை மெக்கானிக் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள், துருப்பிடித்த செயினைக்கூடப் பரம்பரைச் சொத்து மாதிரி வைத்திருப்பார்கள். "எங்க ஊர்ல சும்மா கெடக்கு, மேடம்" என்று கல்யாண வீட்டு நண்பர் சொன்னதை நம்பிக் கிளம்பினேன்.

என் கணவர் தடை சொல்லவில்லை. ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து இரண்டு சக்கரங்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. "வாங்கு கண்ணு. என்னயப் பின்னால உக்காரச் சொல்லாம இருந்தாச் சரி" என்றார்.

ஜங்ஷனில் எங்களை அழைத்துப்போக வந்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. மணப்பெண்ணின் தாய்மாமன், டவுனில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தாய்மாமனுக்கு நூறு வேலை இருக்கவேண்டும். அவருக்கு ஒரு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. அல்லது எல்லாவற்றையும் பிறரிடம் கொடுத்துவிட்டார். கேன்களைப் பார்த்தார்.

"இது என்னது சார்?"

"சிறுவாணித் தண்ணிங்க."

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. "தாமிரபரணி ஓடுத ஊருக்குத் தண்ணி கொண்டாந்திருக்கீயளா?" என்றார். வீடு போய்ச் சேரும் வரை வேறொன்றும் பேசவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் மனம் தேறி, தானாகவே கேட்டார். "வண்டி பாக்கணும்னு சொன்னாங்க. எந்த மாதிரி வேணும், சார்?"

"எனக்கில்லீங்க. அவங்களுக்கு" என்று என் கணவர் என்னைக் காட்டினார். அண்ணாச்சி எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"தங்கச்சிக்கா?" என்று அவரிடமே கேட்டார். "அப்பம் மொபெட்டு பாப்போமா? புதுசே கிடைக்குமே."

"பழைய மோட்டார் சைக்கிள்தான் வேணுமுங்க, அண்ணாச்சி. பிரிச்சுப் பூட்ட."

"கெட்டுப்போனதா வேணும்?"

"ஆமாங்க."

அண்ணாச்சி தோளில் துண்டைப் போட்டார். பெயின்ட் கடைக்காரர், விதவிதமாகக் கேட்பவர்களைப் பார்த்தவர். "சரி, பேட்டைக்குப் போவோம்" என்று எழுந்தார்.

பேட்டையில் லேத் பட்டறைகளின் சத்தம் கேட்டதும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. அண்ணாச்சி காட்டிய பட்டறையில் செல்லத்துரை என்ற மெக்கானிக் ஒரு புல்லட்டை வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார். கறுப்பு பெயின்ட் கண்ணாடி மாதிரி. என் முகமே அதில் தெரிந்தது, அதுவும் நல்லவிதமாக. அந்த இடத்திலேயே பணத்தை எடுத்திருப்பேன். கைப்பையில் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னக் காந்தம் இருந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி டேங்கின் மேல் வைத்தேன். ஒட்டியது. ஓர் அங்குலம் நகர்த்தினேன். விழுந்தது. இன்னும் நகர்த்தினேன். மறுபடி விழுந்தது. பாதி டேங்க் தகடு, மீதி ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிப் பசை.

செல்லத்துரை காந்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் கணவரிடம், "சார், அக்கா யாரு, ஆர்.டி.ஓ. ஆபீஸா?" என்று கேட்டார்.

"டீச்சருங்க" என்றார் என் கணவர்.

"அதுக்கு ஆர்.டி.ஓ.வே தேவலை."

குனிந்து என்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் பார்த்து எழுதினேன். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த நம்பர் இரண்டிலும் சேரவில்லை. கேட்டதும் செல்லத்துரை ஒளிக்கவில்லை. "அக்கா, உள்ளதைச் சொல்லுதேன். இதுல நாலு வண்டி இருக்கு. என்ஜின் ஒண்ணு, பாடி ஒண்ணு, வீலு ஒண்ணு, புத்தகம் ஒண்ணு. நாலு வண்டியை ஒரு வண்டி விலைக்கித் தாரேன். உங்களுக்கு லாபந்தானே?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்து எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தார். வண்டியை விற்க முடியாதவர் டீ வாங்கிக்கொடுப்பதை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் அண்ணாச்சி என் கணவரின் தோளில் கை போட்டு, "வாரும்வே, பைய நடப்போம்" என்றார்.

அன்று இரவு என் கணவர் படுக்காமல் உட்கார்ந்திருந்தார். "காத்தால சார்னு கூப்பிட்டாரு. மத்தியானத்துக்கு மேல 'வே'ங்கறாரு. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்?"

அது நட்பின் அடையாளம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. எங்கள் ஊரில் திட்டும்போதுகூட 'ங்க' போடுவோம்.

கல்யாணம் அதிகாலை முகூர்த்தம். பத்து மணிக்கெல்லாம் மாப்பிள்ளை, பெண், மேளக்காரர் எல்லோரும் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தன் மருமகளிடம் என்னைக் காட்டி, "இந்தப் பிள்ளைதான் கெட்டுப்போன மோட்டார் தேடி வந்திருக்காம். கோயமுத்தூர்ல என்னத்தத்தான் பழக்குதாகளோ" என்றது தெளிவாகக் கேட்டது. சொல்லிவிட்டு என் இலைக்கு இன்னொரு கரண்டி அவியல் போடச் சொன்னார். இந்த ஊரில் கிண்டலும் உபசாரமும் ஒரே கையால் பரிமாறப்படுகின்றன.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் சீவலப்பேரி போனோம். இரண்டு பக்கமும் பால் பிடிக்கிற நெல். அண்ணாச்சியிடம் வெளிச் சுவருக்குப் பெயின்ட் வாங்கிய பேச்சிமுத்து என்ற விவசாயியின் பம்பு செட் கொட்டகையில் ஒரு வண்டி இருக்கிறதாம்.

கதவைத் திறந்ததும் நேராக அதனிடம் போனேன். யுத்தகாலத்து இங்கிலீஷ் வண்டி. முன்சக்கரத்தைத் தாங்க, இந்தக் காலத்து இரட்டைக் குழாய்களுக்குப் பதில் ஆட்டுக்கொம்பு மாதிரி பெரிய ஸ்பிரிங் வைத்த அமைப்பு. படத்தில் மட்டுமே நான் பார்த்தது. டேங்கில் பாதி உதிர்ந்த மிலிட்டரிப் பச்சை. சீட் இருக்கவேண்டிய இடத்தில் வைக்கோல் போட்டு ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எங்கப்பா ஏலத்துல எடுத்தது" என்றார் பேச்சிமுத்து. "ரெண்டு வருசம் ஓட்டினாரு. பெறவு பின்வீலைக் கழட்டிட்டு பெல்ட்டு மாட்டி நெல்லு தூத்துனோம். அப்பம் நின்னது. கோழியைத் தூக்கட்டா?"

"வேண்டாங்க, இருக்கட்டும்" என்றேன். அந்த நிமிடத்தில் கோழியையும் சேர்த்து வாங்கியிருப்பேன். கிக்கரை மிதித்தேன். மலையை மிதித்த மாதிரி இருந்தது, பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. சாமான் எந்த நாட்டில் கிடைக்கும் என்றே தெரியாது. வகுப்பில் என் மாணவி இப்படி ஒரு வண்டியைக் காட்டியிருந்தால், 'முதல் வண்டிக்கு இது வேண்டாம்' என்று புத்தி சொல்லியிருப்பேன். எனக்கு நான் மாணவியில்லையே. பேச்சிமுத்து சொன்ன விலை என்னிடம் இருந்ததற்குள் அடங்கியது. கைப்பையைத் திறந்தேன்.

"ஏனுங்க, இதுக்குப் புஸ்தகம் இருக்குங்களா?" என்றார் என் கணவர். கொட்டகைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றபடி, கோழியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

பேச்சிமுத்து சிரித்தார். "புத்தகமா? அது கரையான் படிச்சிட்டு."

"நம்பர் பிளேட்டுங்க?"

"அது அரிவாமணைக்குப் போயிட்டு."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கைப்பையை மூடினேன். மூடிய சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒரு பொருளுக்கு நான் எனக்கென்று ஆசைப்பட்டேன், அதைக் கேள்வி கேட்டே நிறுத்திவிட்டார் என்று மனம் கொதித்தது. பாதி வழியில் பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஆம்பளையள்லாம் எறங்கித் தள்ளுங்க. பொம்பளையள் இருங்க" என்றார். நான் இறங்கித் தள்ளினேன். பின்னால் யாரோ, "அந்தக்கா கோவத்துல தள்ளுது, பஸ்ஸு டவுன் வரைக்கும் நிக்காது" என்றார்கள். பக்கத்தில் என் கணவர், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியது. அவர் ஓடி ஏறத் தெரியாமல் தவித்ததைப் பார்த்து நானே கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

"புத்தகம் இல்லேனா ரோட்டுல ஓட்ட முடியாதல்லங்க" என்றேன்.

"முடியாது கண்ணு" என்றார். "அந்தக் கோழிக்கும் வேற எடம் இல்ல."

மூன்றாம் நாள் அதிகாலையில் அண்ணாச்சி அவரைக் குறுக்குத்துறைக்குக் குளிக்க அழைத்துப்போனார். ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னவர்கள் மூன்று மணி நேரம் கழித்து வந்தார்கள். என் கணவரின் கண் சிவந்திருந்தது, விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. வந்ததும் கேன்களைத் தூக்கிப் போய் அண்ணாச்சி வீட்டு முருங்கைக்கு ஊற்றினார். அண்ணாச்சி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். வெற்றி பெற்றவர்களின் பெருந்தன்மை.

அன்று மறுவீட்டுச் சாப்பாடு. இந்த ஊரில் கல்யாணத்துக்கு அடுத்த நாள் சொதி வைக்கிறார்கள். தேங்காய்ப் பாலில் காய்கறியைப் போட்டுக் கொதிக்கவிடாமல் செய்கிற குழம்பு, கூட இஞ்சித் துவையல். எங்கள் ஊரில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை, ஆனாலும் இப்படி ஒன்று செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது முறை சோறு வாங்கும்போது என் கணவர், "போதும்வே" என்றார். பரிமாறியவர் திகைத்தார். அண்ணாச்சிக்குப் புரையேறிவிட்டது.

கை கழுவும்போது அண்ணாச்சி என்னிடம் வந்தார். நாங்கள் வந்ததிலிருந்து முதல்முறையாக என்னைப் பார்த்தே பேசினார். "தங்கச்சி, காயல்பட்டினத்துல நமக்கு ஒரு சிநேகிதர் இருக்காரு, செய்யது. அவரு தங்கச்சி வீட்டுல ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் கெடக்கு. மச்சான் துபாய்ல. நாலஞ்சு பேரு போயிக் கேட்டாச்சு, யாருக்கும் குடுக்கல. ஏன்னு யாருக்கும் தெரியல. போய்ப் பாப்பமா?"

நாலாம் நாள் காலை பஸ். ஆற்றை ஒட்டி வாழைத் தோட்டங்களும் வயலுமாக வந்த வழி, கடற்கரை நெருங்க நெருங்க மணலாக மாறியது. காயல்பட்டினத்துத் தெருவில் செய்யது வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். ஆண்கள் இருவரையும் முன்கூடத்துக்கு அழைத்துப்போனவர், என்னிடம், "நீங்க பின்னால முடுக்கு வழியா போங்கம்மா. தங்கச்சி எதிர்பாத்துக்கிட்டு இருக்கா" என்றார்.

முடுக்கு என்பது இரண்டு வரிசை வீடுகளின் பின்பக்கங்களுக்கு நடுவே ஓடும் சந்து. பெண்கள் மட்டும் போய்வர. அதில் நுழைந்ததும் ஊரே வேறாகிவிட்டது. ஒவ்வொரு பின்வாசலிலும் பேச்சு, சிரிப்பு, வறுத்த மசாலா வாசனை. யாரோ ஒருத்தர் என் புடவைக் கரையைப் பிடித்துப் பார்த்து, கோயமுத்தூரில் என்ன விலை என்று கேட்டார். ஐந்தாவது வாசலில் ஜெய்னம்பு நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும்.

"வாங்க டீச்சரம்மா. தேயிலை குடிக்கிறீங்களா?" தேயிலை என்றால் அங்கே கறுப்புத் தேநீர். கூடவே தம்மடை என்று ஒரு ரவைப் பண்டம், நெய் வழிய. இரண்டாவது துண்டு சாப்பிடும்போதுதான் நான் வந்த வேலை நினைவுக்கு வந்தது.

பின்முற்றத்தில் பழைய புடவையால் மூடி நின்றது வண்டி. எடுத்தார். மெரூன் டேங்க், இருபக்கமும் குரோமியம். சைலன்சர் இரண்டிலும் உப்புக் காற்று ஓட்டை போட்டிருந்தது. சீட்டை எலி தின்றிருந்தது. ஸ்பீடோமீட்டர் முள் படுத்துவிட்டது. ஒயர்கள் எல்லாம் ஒட்டுப்போட்டவை. ஆனால் எதுவும் வேறு வண்டியிலிருந்து வந்ததல்ல, எதுவும் காணாமலும் போகவில்லை. ரிம்மில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தது.

"எட்டு வருசமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணுவேன்" என்றார் ஜெய்னம்பு. "மாசம் ஒருக்கா பேட்டரியை சார்ஜுக்கு அனுப்புவேன்."

"நீங்களா?"

"வேற யாரு? அவங்கதான் கேசட்டுல சொல்லிக்குடுத்தாங்க."

அலமாரியைத் திறந்து காட்டினார். வரிசையாக ஒலிநாடாக்கள். துபாயிலிருந்து அவர் கணவர் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பியவை. முதல் பக்கம் முழுக்க அவர்களுடைய சொந்தப் பேச்சாம். இரண்டாம் பக்கம் வண்டி. பிளக்கைக் கழற்றுவது எப்படி, பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது, செயின் எவ்வளவு தொங்கவேண்டும். நிறுத்தி, கேட்டு, செய்து, மறுபடி ஓடவிட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

"இப்ப அவங்களுக்கு முட்டியில அடி. இனிமே உதைக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நல்லவங்க கையில குடுத்துருன்னு சொல்லியிருக்காங்க."

"நாலஞ்சு பேர் வந்தாங்களாமே?"

"வந்தாங்க. ஓட்டிப் பாக்கலாமான்னு கேட்டாங்க. ஒருத்தர்கூடக் கழட்டிப் பாக்கலாமான்னு கேக்கல." ஒரு ஸ்பானரை எடுத்து என் முன்னால் நீட்டினார். "நீங்க கழட்டுவீங்கன்னு காக்கா சொன்னாங்க."

காக்கா என்றால் அங்கே அண்ணன். செய்யதுவிடம் அப்படிச் சொன்னது சங்கரலிங்கம் அண்ணாச்சியாகத்தான் இருக்கவேண்டும். ஸ்பானரை வாங்கினேன். பெயின்ட் கடைக்காரர் கொடுத்த சான்றிதழோடு, முற்றத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, என் வாழ்க்கையின் முதல் கார்புரேட்டரைக் கழற்றினேன். விரல்கள் நடுங்கின. உள்ளே எல்லாம் நான் வரைந்தபடியே இருந்தது. அளவுதான் வேறு. பலகையில் தாம்பாளம் போல நான் வரைகிற மிதவை, கையில் வந்தபோது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. சிரிப்பு வந்தது. கண்ணும் கொஞ்சம் கலங்கியது. பெட்ரோல் நெடி என்று வைத்துக்கொள்ளலாம்.

"இதுதான் மொத தடவைங்க" என்று சொல்லிவிட்டேன். "பதினோரு வருசமா வரையத்தான் செஞ்சேன்."

போச்சு என்று நினைத்தேன். ஜெய்னம்பு சிரித்தார். "எனக்கும் மொத தடவை கை இப்படித்தான் ஆடுச்சு. பெட்ரோல் வர்ற அந்தச் சின்ன ஜெட்டுக்குள்ள கம்பி விட்டுராதீங்க, ஓட்டை பெருசாயிரும். ஊதுங்க." ஊதினேன். மறுபடி பூட்டினேன். எழுந்து, பெருமையாகக் கை துடைத்தேன். துணியில் ஒரு வாஷர் மிஞ்சிக் கிடந்தது. ஜெய்னம்பு அதை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். மறுபடி கழற்றினேன்.

ஜாவாவில் உதைக்கிற கம்பியும் கியர் போடுகிற கம்பியும் ஒன்றேதான். நிமிர்த்தினால் உதைக்கலாம், மடக்கினால் கியர். ஒன்பது உதை உதைத்தேன், அசையவில்லை. ஜெய்னம்பு என்னை நகர்த்திவிட்டு, கார்புரேட்டரின் சின்னப் பொத்தானைப் பெட்ரோல் கசியும் வரை அழுத்தினார். சாவி போடாமல் இரண்டு உதை, போட்டு ஒன்று. நீலப் புகையோடு வண்டி உயிர்பெற்றது. பின்வாசல்களில் தலைகள் முளைத்தன.

என்ஜின் நம்பர், சேஸ் நம்பர் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி முன்கூடத்துக்கு அனுப்பினேன். செய்யது ஆர்.சி. புத்தகத்தையும் அவர் மச்சான் கையெழுத்திட்டு அனுப்பியிருந்த படிவங்களையும் என் கணவரிடம் கொடுத்திருந்தார். சீட்டு திரும்பி வந்தபோது இரண்டு நம்பருக்கும் பக்கத்தில் சிவப்பு டிக் இருந்தது, கீழே அவருடைய இனிஷியல். விலை கேசட்டில் சொன்னதுதான், அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம் என்றார் ஜெய்னம்பு. கொடுத்தேன். வாங்கி எண்ணாமல் வைத்தார். பிறகு தயங்கி நின்றார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கவா? நான் இதை ஒரு அடிகூட ஓட்டினதில்ல."

"வேண்டாம்னாங்களா?"

"யாரும் வேண்டாம்னு சொல்லல. நான் கேக்கவும் இல்ல. இப்ப போகப்போவுதுன்னதும் ஆசையா இருக்கு."

வண்டியை முடுக்குக்குள் இறக்கினோம். எதிரும் புதிருமாகப் பின்வாசல்கள், நடுவே இறுகிய மணல். ஜெய்னம்பு புடவையை இழுத்துச் செருகி ஏறி உட்கார்ந்தார். எங்கே எது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எல்லாம் கேசட்டில் கேட்டது. கிளட்சை விடுவதுதான் தெரியவில்லை. முதல் முறை பத்தடியில் குதித்து நின்றது. இரண்டாவது முறை நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன், பாதிச் சந்து போனார். "பிடிக்காதீங்க, பிடிக்காதீங்க" என்று கத்தினார். விட்டேன். அதன்பிறகு போய்ப் போய் வந்தார். சந்தின் முனையில் இரண்டு பெண்கள் வண்டியைத் திருப்பிக்கொடுத்தார்கள், இந்த முனையில் நான். ஒரு பெரியம்மா வாசலில் நின்று, "ஏ ஜெய்னம்பு, மெல்ல, மெல்ல" என்று கத்திக்கொண்டே கை தட்டினார். கடைசி முறை பாதி வழியில் சத்தம் மாறியது. யாரும் சொல்லாமலே இரண்டாவது கியர் போட்டிருந்தார். அப்படியே வந்து என் முன்னால் நின்றபோது பெட்ரோல் தீர்ந்திருந்தது. இறங்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் இறங்கச் சொல்லவில்லை.

பிறகு, "முன்கூடத்துல சொல்லிராதீங்க" என்றார். "பயந்துக்கிட்டு இல்ல. அவங்ககிட்ட நான்தான் மொதல்ல சொல்லணும். அடுத்த கேசட்டுல."

அந்தக் கேசட் போய்ச் சேர்ந்து, பதிலும் வந்து, வெகு காலமாகிவிட்டது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். வண்டி அண்ணாச்சியின் பெயின்ட் லாரியில் கோயமுத்தூர் வந்தது. பிரிக்க நான்கு நாள், பூட்டப் பதினான்கு மாதம். இன்றைக்கும் ஓடுகிறது.

அன்று சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில், அண்ணாச்சி முன்சீட்டில் தூங்கிவிட்டார். என் கணவர் என் காதருகே குனிந்தார். "நீ பின்னால ஓட்டிட்டு இருந்தப்ப, முன்னால எல்லாரும் பேச்சை நிறுத்திட்டுக் கேட்டாங்க. 'யாருவே ஓட்டுதா?'ன்னு அண்ணாச்சி கேட்டாரு. எங்க வீட்டுலதானுங்கன்னு சொன்னேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார். "ஆனா கடைசித் தடவை வரும்போது பாதியில சத்தம் மாறுச்சு பாரு. அது ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு."

"ஆமாங்க" என்றேன். "எனக்கும் அதுதான் ரொம்பப் பிடிச்சுது."